சொல்லும் காலும்: பரதநாட்டியத்தில் ஜதியை ரசிப்பது எப்படி?

பரதநாட்டிய மேடையில் தாளம் நான்கு இடங்களிலிருந்து வருகிறது. ஆட்டத்தை நடத்தும் நட்டுவனார் சொல்லும் சொற்கட்டு, அவர் கையில் ஒலிக்கும் தாளம், மிருதங்கம், ஆடுபவரின் கால். இவற்றில் காலை ஒரு வாத்தியமாகப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சலங்கை கட்டிய பாதம் தரையில் விழும் ஓசையும் மிருதங்கத்தின் அடியும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று கவனிக்கத் தொடங்கினால், வேகமாக உதிரும் வெறும் ஒலிகளாகத் தோன்றிய சொற்கட்டுக் கோவையான ஜதிக்கு உருவம் கிடைத்துவிடும்.

அதற்கு முதலில் கையில் தாளம் நிற்க வேண்டும். ஆதி தாளம் எளிது: ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டித் திருப்புவது இருமுறை. மொத்தம் 8 அட்சரம். ஒவ்வோர் அட்சரத்துக்குள்ளும் 'தகதிமி' என நான்கு சொல் அடங்கினால், ஒரு முழுச் சுற்றான ஆவர்த்தனத்தில் 32 மாத்திரை. மடியில் மெல்லத் தாளம் போட்டபடி ஆட்டத்தைப் பார்ப்பது மரியாதைக் குறைவல்ல. பழைய ரசிகர்கள் அப்படித்தான் பார்த்தார்கள்.

அடுத்தது பாதம். முழுப் பாதமும் தரையில் விழுவது தட்டு. குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்குவது நாட்டு. குதித்துமெட்டு அடவில் 'தெய் ஹத் தெய் ஹி' என்னும்போது, 'தெய்'யில் முன்பாதத்தில் குதித்து நின்று, 'ஹத்'தில் குதிகாலை இறக்குகிறார்கள். சொல்லில் உள்ள அழுத்தமும் இளக்கமும் அப்படியே காலுக்கு இறங்குகின்றன. முழங்காலை மடித்து அமரும் அரைமண்டி குறையாமல் ஆடுபவரின் தட்டு கனமாக ஒலிக்கும். முழங்கால் நிமிர நிமிர அந்த ஒலி மெலிந்துவிடும். கண்ணை மூடியிருந்தாலும் இது தெரியும்.

கச்சேரியின் தொடக்கமான அலாரிப்பில் வழக்கமாகப் பாட்டு கிடையாது, சொற்கட்டும் மிருதங்கமும்தான். கண், கழுத்து, தோள், கை என்று தாளம் உடம்பின் ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டு எழுப்புகிறது. கால் தட்டாத அந்த முதல் சில கணங்களில், விழி நகர்வது சொல்லின் மேல் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும்.

செவிக்குப் பெரிய விருந்து வர்ணம். அதில் வரும் ஜதிக்குத் தீர்மானம் என்று பெயர். முதல் தீர்மானம் பெரும்பாலும் திரிகாலத்தில் அமையும்: தாளத்தின் நடை மாறாது, அதன்மேல் சொற்கள் ஒன்று, இரண்டு, நான்கு என்று நெருங்கும். வேகத்தைவிட ரசிக்க வேண்டியது கணக்கு. 32 மாத்திரையை எட்டு நான்குகளாக ஆடினால் எல்லா அடியும் தாளத்தோடு ஒத்துப்போகும். அதையே 'தகதகிட' என்ற ஐந்து ஐந்து முறையும், 'தகிட தகதிமி' என்ற ஏழு ஒருமுறையும் வரும்படி கட்டினால், 25உம் 7உம் சேர்ந்து அதே 32. ஆனால் இடையில் ஆட்டம் தாளத்தை விட்டு விலகி எங்கோ போவது போல் இருக்கும். மடியில் போடும் தாளம் அசையாமல் இருந்தால்தான் அந்த விலகலின் பதற்றமும், ஆவர்த்தனம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து சேரும் நிம்மதியும் கிட்டும். முடிவில் 'ததிங்கிணதொம்' மூன்று முறை வந்தால் ஜதி கரைசேர்கிறது என்று பொருள். பாட்டு தொடங்கும் இடமான எடுப்பு சமத்திலிருந்து தள்ளி அமைந்த வர்ணங்களில், தீர்மானமும் அந்த இடத்தில்தான் போய் இறங்க வேண்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விடும் கார்வையையும் விட்டுவிடக் கூடாது. ஓசையற்ற அந்த இடத்தில் உடம்பு அசையாமல் நிற்பதும் தாளம்தான்.

எல்லாச் சொல்லுக்கும் கால் விழுவதில்லை, விழவும் கூடாது. சிலவற்றைக் கையும் பார்வையும் எடுத்துக்கொள்ள, மிருதங்கம் விட்ட இடத்தை நிரப்பும். உடம்பு வளைந்து சரியும்போது மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் இழைந்து ஒலிக்கும் ஒரு கும்கி, பாதம் அழுந்தும்போது வலப்பக்கமான வலந்தலையில் ஓர் அழுத்தமான அடி. ஜதி முழுவதையும் அச்சுப் பிசகாமல் வாசித்துக் காட்டுபவரைவிட, காலுக்கு இடம்விட்டு வாசிப்பவரே நாட்டியத்துக்கு உயர்ந்த மிருதங்கக்காரர். முற்காலத்தில் அவர் மிருதங்கத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடுபவரின் பின்னால் நின்றே வாசித்தார். பக்கவாட்டில் அமர்ந்து வாசிப்பது 20ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு அவருடைய தம்பி ரங்கநாதன் மிருதங்கம் வாசித்தார். சத்யஜித் ராய் 1976இல் எடுத்த 'பாலா' ஆவணப்படம், பாலசரஸ்வதியின் காலையும் தாளத்தையும் சேர்த்துக் கவனிக்க நல்ல வாய்ப்பு.

சாகித்ய வரிகளுக்கு அபிநயம் பிடிக்கும் இடங்களில் சில வேளை கால் தாளத்துக்கேற்பத் தட்டும் தட்டிமெட்டில் நடந்துகொண்டிருக்கும். முகம் நாயகனிடம் முறையிடும், பாதம் கணக்குத் தவறாது. இரண்டையும் ஒருசேரப் பார்க்கப் பழக நாளாகும். அபிநயமே முதன்மையான பதத்தில் மிருதங்கம் வெகுவாகத் தணிந்து முகத்துக்கு வழிவிடுகிறது.

தில்லானாவில் மறுபடி எல்லாம் கூடுகின்றன. இங்கே அடவுகள் மேடையின் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்வதால், முன்வரிசையில் மிருதங்கக்காரர் இருக்கும் பக்கமாக அமர்வது நல்லது. பாதமும் தெரியும், அந்தப் பாதத்தையே பார்த்து வாசிக்கும் கையும் தெரியும்.