ஒட்டிக்கிட்டா நல்லதா?

தென்கொரிய மூக்கு அறுவை விளம்பரங்கள்ல சிலிக்கானைவிட கோர்-டெக்ஸ்தான் உசத்தி. உடம்போடு ஒன்றிவிடுமாம். பாதி உண்மை. சிலிக்கான் வழவழப்பானது, சுற்றிலும் உடம்பு ஓர் உறை கட்டும், உள்ளே திசு நுழையாது. அதனால் நகரலாம், உறை சுருங்கி மூக்கின் வடிவமே கோணலாம். ஆனா எடுக்கணும்னா சுலபமா உருவிடலாம். 1969ல் பாப் கோர் கண்டுபிடித்த கோர்-டெக்ஸில் (மழைக்கோட்டில் வருமே, அதேதான்) நுண்துளைகள்; அதில் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். நகராது, சரி. சீழ் பிடித்தால்? ஒட்டின சதையிலிருந்து பிரித்தெடுக்கணும். மூக்கு நுனியிலோ இரண்டுமே வம்பு: தோல் மெலிந்து பொருள் வெளியே துருத்தலாம். அதனாலதான் பல மருத்துவர்கள் நுனிக்கு மட்டும் நம்ம காதுக் குருத்தெலும்பையே எடுத்து வைக்கிறாங்க.