மேல் டிவிஷன் மோகம்: ஏறுவது யார், சுமப்பது யார்?

ஐரோப்பியக் கால்பந்தில் ஓர் அணி மேல் டிவிஷனுக்குப் போக வேண்டுமென்றால் களத்தில் ஜெயிக்க வேண்டும். தொடர்ந்து தோற்றால் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இந்த நியாயம் செல்லாது. அங்கே மேலேறுவது கல்லூரி நிர்வாகம் உட்கார்ந்து எடுக்கும் முடிவு. ஏதாவது ஒரு கான்ஃபரன்ஸின், அதாவது தமக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பின், அழைப்பு வேண்டும், விண்ணப்பம் வேண்டும், கட்டணம் வேண்டும். தொடர்ந்து சாம்பியன் ஆகும் அணி விண்ணப்பிக்காமல் கீழேயே இருக்கலாம். 12 ஆட்டங்களில் 11-ல் தோற்ற அணி மேலேயே நீடிக்கலாம். ஆகவே, மேலேறிய அணிகள் தடுமாறும்போது பயிற்சியாளரையும் ஆட்டக்காரர்களையும் மட்டும் குறை சொல்வது பாதி விமர்சனம்தான்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. 1978-ல் தன் முதல் டிவிஷனின் ஃபுட்பாலை இரண்டாகப் பிரித்தது. 2006 முதல் மேல் தட்டுக்கு எஃப்.பி.எஸ். என்றும் கீழ்த் தட்டுக்கு எஃப்.சி.எஸ். என்றும் பெயர். 2025 வரை மேல் தட்டு அணிகள் 85 பேருக்கு உதவித்தொகை தர முடிந்தது, கீழ்த் தட்டில் 63 பேருக்கு ஈடான தொகைதான். அதாவது 22 பேர் வித்தியாசம். கடைசிக் கால் மணி நேரத்தில் முதல் வரிசை ஆட்டக்காரர்கள் களைத்துப்போகும்போது மாற்று ஆளாக யார் இறங்குகிறார் என்பதில்தான் அந்த 22 பேரின் அருமை தெரிந்தது. ஆனால் கீழ்த் தட்டில் 24 அணிகள் மோதும் நாக்அவுட் கோப்பை உண்டு. நல்ல அணி எதுவானாலும் டிசம்பரில் அதைக் கனவு காணலாம். மேல் தட்டில் புதிதாக நுழையும் சிறிய கல்லூரிக்கு எட்டக்கூடிய பரிசு பெரும்பாலும் ஏதாவது ஒரு 'பவுல்', அதாவது பருவ முடிவில் அழைப்பின் பேரில் ஆடும் ஒற்றை ஆட்டம்தான். கோப்பையை விட்டுக்கொடுத்துத்தான் அந்தஸ்தை வாங்குகிறார்கள்.

இந்தப் பேரத்தை எடைபோட ஐடஹோ மாநிலத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஐடஹோ பல்கலைக்கழகமும் பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகமும் 1996-ல் ஒரே ஆண்டில், பிக் வெஸ்ட் என்ற ஒரே கான்ஃபரன்ஸில் மேலேறின. அதற்கு முன் இரண்டுக்கும் இடையில் மேல்கை ஐடஹோவுக்குத்தான்: 1982 முதல் 1993 வரை தொடர்ந்து 12 முறை அது பாய்சியைத் தோற்கடித்திருந்தது. மேலேறிய முதல் ஆண்டில் பாய்சி 2 ஆட்டங்களை மட்டுமே வென்று 10-ல் தோற்றது. ஐடஹோ 6-ல் வென்று 5-ல் தோற்றது. 1998-ல் ஐடஹோ பாய்சி நகரிலேயே நடந்த ஹியுமானிட்டேரியன் பவுலில் சதர்ன் மிசிசிப்பியை 42-35 என்று வீழ்த்தியது. அன்றைக்கு யாராவது கணித்திருந்தால் எதிர்காலம் ஐடஹோவுடையது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நடந்தது நேர்மாறு. 1999 முதல் 2010 வரை பாய்சி ஐடஹோவைத் தொடர்ந்து 12 முறை தோற்கடித்தது. அத்தோடு ஆண்டுதோறும் நடந்த அந்த மோதலே நின்றுபோனது. 2007 ஜனவரியில் ஃபியஸ்டா பவுலில் ஓக்லஹோமாவை 43-42 என்று வென்ற பாய்சி நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஐடஹோ 2018-ல் கீழ்த் தட்டுக்குத் திரும்பியது. எஃப்.பி.எஸ்.ஸிலிருந்து தானாக முன்வந்து எஃப்.சி.எஸ்.ஸுக்கு இறங்கிய முதல் கல்லூரி அதுதான்.

வித்தியாசம் எங்கே வந்தது? பாய்சி மாநிலத் தலைநகரம்; நிறுவனங்கள், வளரும் மக்கள்தொகை, நன்கொடை கொடுக்கும் கைகள் எல்லாம் அங்கே. 1986-லேயே போட்ட நீலநிற செயற்கைப் புல் தொலைக்காட்சியில் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியும். 1997-ல் மைதானத்தை 30,000 பேர் உட்காரும்படி விரிவாக்கினார்கள். ஐடஹோ இருப்பது சுமார் 25,000 பேர் வாழும் மாஸ்கோ என்ற சிற்றூரில். அதன் கிபி டோம் அரங்கில் இருக்கைகள் 16,000 மட்டுமே. மேல் தட்டின் விதிமுறைகளுக்கு அது போதாதென்று, மாநில எல்லை தாண்டி 13 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வாஷிங்டன் ஸ்டேட்டின் மைதானத்தில் 'சொந்த' ஆட்டங்கள் சிலவற்றை ஆட வேண்டி வந்தது. சொந்த ஊர் ரசிகர்கள்முன் ஆடும் வசதியே கைநழுவிப் போனால் மேலேறியதன் பாதிப் பலன் அங்கேயே போயிற்று.

இடத்தைவிடப் பெரிய அடி கான்ஃபரன்ஸ் விஷயத்தில் விழுந்தது. பிக் வெஸ்ட் 2000-க்குப் பிறகு ஃபுட்பாலையே கைவிட்டது. பாய்சியை வெஸ்டர்ன் அத்லெடிக் கான்ஃபரன்ஸ் உடனே சேர்த்துக்கொண்டது. ஐடஹோ நாட்டின் மறுகோடியில், தென் மாநிலங்களில் வேர்கொண்ட சன் பெல்ட்டில் ஒண்ட நேர்ந்தது. 2005-ல் ஒருவழியாக வெஸ்டர்னுக்கு வந்து சேர்ந்தால், அங்கிருந்த வலுவான அணிகள் ஒவ்வொன்றாக வெளியேறி, 2012-க்குப் பிறகு அந்தக் கான்ஃபரன்ஸின் ஃபுட்பாலும் கலைந்தது. ஓர் ஆண்டு தனித்து ஆடிவிட்டு மீண்டும் சன் பெல்ட். 2016-ல் 'உங்கள் உறுப்பினர் காலத்தை நீட்டிக்க மாட்டோம்' என்று சன் பெல்ட்டும் சொல்லிவிட்டது. இந்த அலைச்சலுக்கு நடுவே 2011 முதல் 2014 வரை நான்கு பருவங்களில் ஐடஹோ வென்றது மொத்தம் 5 ஆட்டங்கள். லூசியானாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து போய் ஆடும் அணிக்கு, பக்கத்து ஊர் ரசிகர் கூட்டத்தோடு வரும் எதிரணி என்று ஒன்று இல்லை. பகையும் பக்கத்தில் இருந்தால்தான் டிக்கெட் விற்கும்.

வரவு செலவுப் பள்ளத்தை இத்தகைய கல்லூரிகள் எப்படி மூடுகின்றன என்பதை 2014 ஆகஸ்ட் 30 அன்று ஃப்ளோரிடாவின் கெயின்ஸ்வில்லில் பார்க்க முடிந்தது. ஐடஹோவுக்கு அன்று ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். இடிமின்னலால் தொடக்கம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, கிட்டத்தட்ட மூன்று மணி நேரத் தாமதத்துக்குப் பின் ஐடஹோ பந்தை உதைத்தது. ஃப்ளோரிடா ஆட்டக்காரர் அதை ஏந்தி 64 கெஜம் ஓடினார். மறுபடி மின்னல். ஆட்டம் நின்றது, அப்படியே ரத்தானது. அந்த ஒரே உதைக்கு ஒப்பந்தப்படி ஐடஹோவுக்கு 9,75,000 டாலர் கிடைத்தது. வலுவான அணி தன் ரசிகர்களுக்கு ஒரு சுலப வெற்றியைக் காட்டுவதற்காகப் பலவீனமான அணிக்குக் காசு கொடுத்து வரவழைக்கும் இந்த ஏற்பாட்டை உத்தரவாத ஆட்டம் என்பார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் ஐடஹோ 80-14 என்று தோற்றிருந்தது. உதை வாங்குவதற்குக் கூலி என்று கேலி செய்வது சுலபம். ஆனால் சிறிய கல்லூரியின் மற்ற விளையாட்டுகள் பலவும் அந்தக் காசில்தான் ஓடுகின்றன. குறை எங்கே என்றால், அந்தப் பணம் அணியைப் பலப்படுத்தப் போகாமல், மேல் தட்டில் இருப்பதற்கான செலவையே ஈடுகட்டுகிறது. அடுத்த ஆண்டும் அதே அடியை வாங்கினால்தான் அந்த இடத்தில் நிற்க முடியும்.

கிழக்குக் கரையில் இதே தவற்றின் இன்னொரு வடிவம் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம். 1998-ல் கீழ்த் தட்டின் சாம்பியன். 2012-ல் மேலேறியது. தன் ஊரான ஆம்ஹர்ஸ்டை விட்டுவிட்டு, சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி, தொழில்முறை அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் ஜில்லெட் ஸ்டேடியத்தில் ஆடியது. 68,000-க்கும் மேற்பட்ட இருக்கைகளில் கால்வாசிகூட நிரம்பவில்லை. ஆட்டத்துக்கு மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிப் போக வேண்டிய நிலையில் கல்லூரி ஃபுட்பாலின் உயிர்நாடியே அறுந்துபோகிறது. சேர்ந்த மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸின் மையமோ ஒஹையோவிலும் மிச்சிகனிலும். எல்லா விளையாட்டுக்கும் முழு உறுப்பினராகச் சேருங்கள், இல்லையேல் வெளியேறுங்கள் என்று கான்ஃபரன்ஸ் சொன்னபோது, கூடைப்பந்தை வேறு கான்ஃபரன்ஸில் வைத்திருந்த மாசசூசெட்ஸ் வெளியேறியது. அந்த நான்கு பருவங்களில் ஆடிய 48 ஆட்டங்களில் வென்றது 8.

இவற்றை மட்டும் வைத்து மேலேறுவதே மடத்தனம் என்று தீர்ப்பெழுதினால் அது அவசரம். வட கரோலினாவின் மலையூரான பூனில் இருக்கும் அப்பலாச்சியன் ஸ்டேட், ஐடஹோவைப் போலவே சிற்றூர்க் கல்லூரி. 2005, 2006, 2007 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கீழ்த் தட்டுக் கோப்பை. 2007 செப்டம்பர் 1 அன்று, தரவரிசையில் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகனை அதன் சொந்த மண்ணிலேயே 34-32 என்று வீழ்த்திய அணி. அந்தப் புகழின் சூட்டில் உடனே விண்ணப்பம் போடாமல், சன் பெல்ட்டின் அழைப்பு வந்தபின் 2014-ல்தான் மேல் தட்டில் ஆடியது. முதல் ஆறு ஆட்டங்களில் ஐந்தில் தோல்வி. பயிற்சியாளர் ஸ்காட் சாட்டர்ஃபீல்டை நிர்வாகம் மாற்றவில்லை. அடுத்த ஆறையும் அணி வென்றது. மறு ஆண்டு 11 வெற்றிகளோடு பவுல் கோப்பையும் வந்தது. 2014-ல் அதே கான்ஃபரன்ஸுக்கு ஏறிய ஜார்ஜியா சதர்ன் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் எட்டையும் வென்று முதல் முயற்சியிலேயே சாம்பியன் ஆனது. ஐடஹோவை அலைக்கழித்த அதே சன் பெல்ட்தான் இவ்விரண்டையும் வாழவைத்தது. காரணம் எளிது: இவை இரண்டும் அதே வட்டாரத்துப் பிள்ளைகள். ஆட்டக்காரர்களைத் திரட்டும் பள்ளிகள் பக்கத்தில், எதிரணிகள் பேருந்துத் தூரத்தில், பழைய பகையும் கூடவே வந்தது. மேலேறுவதில் உயரத்தைவிட அக்கம்பக்கம் முக்கியம் என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது. முதல் ஆண்டு முடிவுகளை நம்பக் கூடாது என்பதும் அதே அளவு உண்மை. பாய்சியும் அப்பலாச்சியனும் தோற்றுத் தொடங்கின, ஐடஹோ வென்று தொடங்கியது.

அப்படியானால் இந்த வழக்கத்தின் நிறை எது? கூடுதல் உதவித்தொகையால் கல்லூரிப் படிப்பு கிடைத்த மாணவர்கள், தேசியத் தொலைக்காட்சியில் வரும் கல்லூரியின் பெயர், பழைய மாணவர்களின் நன்கொடை, ஊருக்கு ஒரு பெருமிதம். இவை எதுவும் பொய்யல்ல. சரியான கூட்டாளிகளோடு, பொறுமையான நிர்வாகத்தோடு ஏறிய இடங்களில் இவை நிலைத்தும் இருக்கின்றன.

குறை, விதிகள் யார் தலையில் சுமையை ஏற்றுகின்றன என்பதில் இருக்கிறது. மேலேறும் அணி இரண்டு ஆண்டுகள் இடைக்கால நிலையில் இருக்க வேண்டும். அதுவரை பவுல் ஆட்டங்களுக்குத் தகுதி கிடையாது. அவசரக் குடுக்கைகளைத் தடுப்பதுதான் நோக்கம் என்பார்கள். 2014-ல் எட்டுக்கு எட்டு வென்ற ஜார்ஜியா சதர்ன் டிசம்பரில் வீட்டில் உட்கார்ந்திருந்தது. 2022-ல் மேலேறிய வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் அடுத்த ஆண்டு முதல் பத்து ஆட்டங்களையும் வென்று, கடைசியில் 11 வெற்றி, ஒரு தோல்வியோடு பருவத்தை முடித்தது. விலக்குக் கேட்டுப் பார்த்தார்கள், மாநில அட்டர்னி ஜெனரலே கடிதம் எழுதினார், என்.சி.ஏ.ஏ. மறுத்தது. தகுதிபெற்ற அணிகள் போதாமல் பவுல் இடங்கள் காலியானதால்தான் கடைசி நேரத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டம் கிடைத்தது. அதற்குள் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி இந்தியானாவுக்குப் போய்விட்டார். முக்கிய ஆட்டக்காரர்கள் பலரும் அவரைப் பின்தொடர்ந்தார்கள். தயாராகாத அணியைத் தடுக்க வந்த விதி, தயாரான அணியைத்தான் தண்டித்தது. தயாராகாத அணிக்கு எப்படியும் பவுல் கிடைக்கப்போவதில்லையே!

2023-ல் என்.சி.ஏ.ஏ. விண்ணப்பக் கட்டணத்தை 5,000 டாலரிலிருந்து 50 லட்சம் டாலராக உயர்த்தியது. முன்யோசனை இல்லாதவர்களை அது ஓரளவு தடுக்கலாம். ஆனால் பணம் இருக்கிறதா என்று பார்க்கும் விதி, இடம் பொருந்துகிறதா, அந்தக் கான்ஃபரன்ஸ் பத்தாண்டு தாங்குமா என்று பார்ப்பதில்லை. ஐடஹோவைக் கவிழ்த்தது கட்டணமல்ல, இந்த இரண்டும்தான். தவிர, அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் உண்டு. பல கல்லூரிகளில் விளையாட்டுத் துறையின் பெரும்பகுதி வருமானம் எல்லா மாணவர்களிடமும் வசூலிக்கும் கட்டணத்திலிருந்து வருகிறது, ஆட்டம் பார்க்கவே வராத மாணவர் உட்பட. வர்ஜீனியா மாநிலம் 2015-ல் சட்டம் போட்டு இதற்கு வரம்பு கட்டியது: கீழ்த் தட்டுக் கல்லூரி தன் விளையாட்டு வருமானத்தில் 70 விழுக்காடு வரை மாணவர் கட்டணம் போன்ற மானியத்திலிருந்து எடுக்கலாம், பெரிய கான்ஃபரன்ஸ்களைச் சேராத மேல் தட்டுக் கல்லூரி 55 விழுக்காடுதான். மேலே போகிறவர் தன் காலில் நிற்கப் பழக வேண்டும் என்ற இந்த ஒழுங்கு, 50 லட்சம் டாலர் வாசல் கட்டணத்தைவிட அறிவார்ந்தது.

இறங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐடஹோ திரும்பிய முடிவைப் பழைய மாணவர்கள் பலர் மானக்கேடாகப் பார்த்தார்கள். திரும்பியவுடன் பாலும் தேனும் ஓடவுமில்லை, முதல் சில பருவங்கள் சாதாரணமாகத்தான் போயின. ஆனால் 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து கோப்பைச் சுற்றுக்குத் தகுதிபெற்று, 2024-ல் காலிறுதி வரை போனது. மொன்டானா போன்ற அண்டை மாநில அணிகளோடு ஆடுவதால் ஆட்டங்களுக்குப் பொருளும் வந்தது.

கல்லூரி நிர்வாகத்தின் கணக்கு பத்தாண்டு, இருபதாண்டுக் கணக்கு; பாய்சியின் வெற்றி அப்படித்தான் விளைந்தது. ஆட்டக்காரனுக்கோ நான்கே பருவங்கள். நிர்வாகம் 'வளரும் வலி' என்று சமாதானம் சொல்லும் காலம்தான் அவனுடைய முழு ஆட்ட வாழ்க்கை. ஆகவே சீர்திருத்தமும் அந்த நான்கு பருவங்களிலிருந்து தொடங்க வேண்டும். பவுல் தடையை நீக்கலாம். வட்டாரக் கான்ஃபரன்ஸின் நீண்டகால உறுதியைக் கட்டணத்துக்கு முன்னால் கேட்கலாம். இத்தனை ஆண்டுகளில் இந்த நிலையை எட்டாவிட்டால் திரும்புவோம் என்ற எல்லையை, ஏறும் அன்றே மாணவர்கள் அறிய எழுதிவைக்கலாம். இதற்குச் சம்மதிக்காத கல்லூரி இன்னும் மேலேறத் தயாராகவில்லை என்றே கொள்ள வேண்டும்.