கரும்புக்காட்டில் ஒரு லாடம்

1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் அருகே நடந்த அசல் உத்தர் போரை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. வீரம் எல்லாப் போரிலும் உண்டு. இந்தப் போரில் தேர்ந்த கைவேலையும் இருக்கிறது.

பேட்டன் டாங்கிகளோடு வந்தது பாகிஸ்தானின் 1-வது கவசப் படைப்பிரிவு. பியாஸ் ஆற்றுப் பாலத்தைப் பிடித்து அமிர்தசரசைத் துண்டிப்பது அதன் திட்டம். எதிரே இந்தியாவின் மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங்கின் 4-வது மலைப் படைப்பிரிவு, முந்தைய மோதலில் அடிபட்டுத் தளர்ந்திருந்தது. அது பின்வாங்கி, அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் அமர்ந்தது. எதிரியைப் பார்த்திருந்த பக்கம் லாடத்தின் வாய். வழி திறந்திருக்கிறது என்று நம்பி வருகிறவன் மூன்று பக்கத் துப்பாக்கிகளுக்கு நடுவே வந்து நிற்பான்!

அடுத்த நயம், மண்ணையே ஆயுதமாக்கியது. வாய்க்கால் தண்ணீரை வயல்களில் திருப்பிவிட்டார்கள். நாற்பது டன்னுக்கு மேற்பட்ட பேட்டன், சேற்றில் இறங்கிய யானையாயிற்று. ஆளுயரம் தாண்டி நின்ற கரும்பு, பிரிகேடியர் தியோகராஜின் டாங்கிகளை மறைத்தது. வந்தவர்களுக்கோ அதே கரும்பு கண்ணைக் கட்டியது.

இந்தியப் படையின் ஹவில்தார் அப்துல் ஹமீதின் ஜீப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கவசம் இல்லாத ஜீப். அதன்மேல் 106 மில்லிமீட்டர் பின்னதிர்வற்ற பீரங்கி. சுட்டால் பின்பக்கம் தீயும் புழுதியும் கிளம்பும்; இருக்கும் இடம் அந்த நொடியே தெரிந்துவிடும். அதனால் சுடுவது, நகர்வது, மறுபடி சுடுவது என்பதுதான் அவர் போர்முறை. இரும்புக் கோட்டை போன்ற டாங்கிகளை அப்படியே ஒவ்வொன்றாக வீழ்த்தினார். செப்டம்பர் 10-ஆம் தேதி உயிர் துறந்த அவருக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்தது.

அன்றோடு படையெடுப்பு முறிந்தது. 97 டாங்கிகளை எதிரி இழந்ததாக இந்தியக் கணக்கு. கைப்பற்றியவற்றை பிக்கிவிண்டில் நிறுத்திவைத்த இடத்துக்கு 'பேட்டன் நகர்' என்றே பெயர் வந்தது.

பின்வாங்கியதைத் தோல்வி என்று எண்ணித்தான் எதிரி உள்ளே வந்தான். அந்தப் பின்வாங்கலிலேயே வெற்றி தொடங்கிவிட்டது. அசல் உத்தர் என்றால் 'சரியான பதில்' என்று பொருள். ஊர்ப்பெயர் பொய்க்கவில்லை.