வெளுப்பும் ஊதாவும்

ரூட் கெனால் செய்யும்போது ஊசி போன்ற ஃபைல் சில வேளைகளில் வேரின் சுவரைத் துளைத்துக்கொண்டு எலும்புப் பக்கம் போய்விடும். சீழ் ஆறாத பல்லில் வேர் நுனியையே வெட்டி, வெட்டிய வாயை அடைக்க வேண்டிவரும். விழுந்து பல்லில் அடிபட்ட குழந்தைக்கு, வேர் முழுதாக வளர்ந்து நுனி மூடும் முன்பே உள்ளிருக்கும் பற்கூழ் செத்துப்போயிருக்கும். இந்த இடங்களில் எல்லாம் பல் மருத்துவர் ஒரு சிமென்டை வைக்கிறார். அது ஒரு பக்கம் பல்லையும் மறு பக்கம் உயிருள்ள திசுவையும் தொட்டுக்கொண்டிருக்கும். ரத்தத்தின் ஈரத்திலேயே இறுகி, பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். வைத்த பிறகு எந்தக் கண்ணும் அதை நேரில் பார்க்காது. எக்ஸ்ரே மட்டுமே பார்க்கும்.

அதனால் ஆய்வுக்கூடம் அந்தச் சிமென்டிடம் முக்கியமாக இரண்டு கேள்விகள் கேட்கிறது. எக்ஸ்ரேயில் தெரிவாயா? பக்கத்திலிருக்கும் செல்களை வாழவிடுவாயா? கேள்விகள் எளியவை. அவற்றைக் கேட்கும் விதத்தில் இருக்கும் நுட்பம் ரசித்துத் தீராதது.

முதலில் சிமென்டையே பார்ப்போம். 1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபிநெஜாத் உருவாக்கிய எம்.டி.ஏ.தான் இந்த வகையின் மூத்த பிள்ளை. அதில் ஏறத்தாழ 75 சதவீதம் போர்ட்லாண்ட் சிமென்ட். ஆம், 1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசஃப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற அந்தக் கட்டடச் சிமென்டின் வம்சம்தான். பல்லுக்குப் போவது தூய்மைப்படுத்தி, நுண்ணிதாக அரைத்த வடிவம். 5 சதவீதம் ஜிப்சம். மீதி 20 சதவீதம் பிஸ்மத் ஆக்சைடு. இந்தக் கடைசிப் பங்கு துளையை அடைப்பதற்காகவோ வலு சேர்ப்பதற்காகவோ போடப்பட்டதன்று. எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டுமே போடப்பட்டது. ஒரு மருந்துப்பொடியில் ஐந்தில் ஒரு பங்கைப் பார்வைக்கென்று ஒதுக்கிவைத்த முடிவை நினைத்து நினைத்து வியக்கலாம்.

அது ஏன் தேவைப்பட்டது? பல்லும் எலும்பும் கால்சியத்தால் ஆனவை. சிமென்டும் கால்சியத்தால் ஆனது. பிஸ்மத் இல்லாமல் வைத்தால் படத்தில் பல் எங்கே முடிகிறது, அடைப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். மருத்துவப் படங்களில் பயன்படும் எக்ஸ்ரேயை ஒரு தனிமம் விழுங்கும் திறன், அதன் அணு எண்ணின் ஏறத்தாழ மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. கால்சியத்தின் எண் 20. பிஸ்மத்தின் எண் 83. சிறிதளவு கலந்தாலும் அது கதிரை வழிமறிக்கும். படத்தில் அந்த இடம் வெளுக்கும்.

எவ்வளவு வெளுப்பு போதும்? இதை அளக்கும் கருவி படிக்கட்டு வடிவில் செதுக்கிய ஒரு தூய அலுமினியத் துண்டு. ஒவ்வொரு படியும் முந்தியதைவிட அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ தடிமன். சோதிக்க வேண்டிய சிமென்டைக் குழைத்து, 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிமனும் உள்ள சிறு வில்லையாக வார்க்கிறார்கள். இறுகியதும் மைக்ரோமீட்டரால் தடிமனைச் சரிபார்க்கிறார்கள். வில்லை கொஞ்சம் தடித்திருந்தால் பெறாத வெண்மையைப் பெற்றதாகக் காட்டும். உள்ளே காற்றுக்குமிழ் இருந்தால் கரும்புள்ளி விழும். பிறகு வில்லையையும் படிக்கட்டையும் அருகருகே வைத்து, ஒரே கதிரில், ஒரே படத்தில் பதிவு செய்கிறார்கள்.

அந்த 'அருகருகே'யில்தான் சோதனையின் அழகெல்லாம் இருக்கிறது. ஒரு கருவியின் மின்னழுத்தம் கூடும், இன்னொன்றின் நேரம் குறையும், ஒரு திரை மங்கலாக இருக்கும். வில்லையும் படிக்கட்டும் ஒரே படத்தில் இருப்பதால் கோளாறு எதுவானாலும் இரண்டையும் சேர்த்தே பாதிக்கும். ஒப்பீடு பெரும்பாலும் தப்பிவிடும். பொற்கொல்லர் உரைகல்லில் மாற்றுத் தெரிந்த ஆணிப்பொன்னையும் புது நகையையும் பக்கத்தில் பக்கத்தில் உரைத்துப் பார்க்கும் அறிவு இது. வில்லையின் வெண்மை எந்தப் படியோடு ஒத்துப்போகிறதோ, அந்தப் படியின் தடிமனே சிமென்டின் மதிப்பெண்.

பல்லின் உட்பகுதியான டென்டின் ஒரு மி.மீ. இருந்தால் ஏறத்தாழ ஒரு மி.மீ. அலுமினியத்துக்குச் சமம். மேலோடான எனாமல் அதே தடிமனில் ஏறத்தாழ இரண்டு மி.மீ.க்குச் சமம். வேர்க்குழாய் அடைக்கும் பொருள்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6876 தரவிதி குறைந்தது மூன்று மி.மீ. கேட்கிறது, பழுதுபார்க்கும் சிமென்டுகளையும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்கு நேராகவே நிறுத்திப் பார்க்கிறார்கள். கோடு நிற்கும் இடத்தைக் கவனியுங்கள்: பல்லிலேயே மிக வெண்மையானது எனாமல், அதற்கு ஒரு படி மேலே. 1995இல் வெளியான அளவீட்டில் எம்.டி.ஏ. பெற்றது 7.17 மி.மீ. பிஸ்மத்தின் உபயம் அது.

இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வது நிறம். சிமென்டைச் செல் வளர்ப்புத் திரவத்தில் 37 டிகிரி வெப்பத்தில், பெரும்பாலும் ஒரு நாள், ஊறவைக்கிறார்கள். அதிலிருந்து கசிவது எதுவானாலும் திரவத்தில் இறங்கிவிடும். அந்தத் திரவத்தை அப்படியே ஒரு குழிக்கும், பாதியாக, கால்வாசியாக நீர்க்கச் செய்து அடுத்த குழிகளுக்கும், அடியில் ஒட்டி வளரும் செல்களின் மேல் ஊற்றுகிறார்கள். பிறகு எம்.டி.டி. என்ற மஞ்சள் உப்பு. 1983இல் டிம் மாஸ்மன் அறிமுகப்படுத்திய முறை இது. உயிரோடிருக்கும் செல் தன் வளர்சிதை வேலையின் போக்கில் இந்த மஞ்சளை ஊதாப் படிகமாக மாற்றிவிடும்; செத்த செல்லால் முடியாது. படிகங்களைக் கரைத்து நிறத்தின் அடர்த்தியை அளந்தால், எவ்வளவு உயிர் மிஞ்சியது என்று தெரிந்துவிடும். எதுவும் தீண்டாத செல்களோடு ஒப்பிடும்போது உயிர்த்திறன் 70 சதவீதத்துக்குக் கீழே போனால், ஐ.எஸ்.ஓ. 10993இன் ஐந்தாம் பகுதி அதை நச்சு என்கிறது.

நீர்க்கச் செய்து பார்ப்பதில் ஒரு நியாய உணர்வு இருக்கிறது. குழைத்த எம்.டி.ஏ.வின் பி.எச். 10.2இல் தொடங்கி மூன்று மணி நேரத்தில் 12.5க்கு ஏறுகிறது. அசையாத குழியில் அவ்வளவு காரத்தைச் செல்கள் தாங்குவது அரிது. உடலிலோ திசுநீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. காரம் கரைந்து கலைகிறது. அதனால் புதிதாகக் குழைத்ததையும் இறுகியதையும் தனித்தனியே, பல செறிவுகளில் சோதித்த பிறகே தீர்ப்பு எழுதுகிறார்கள். இறுகிய சிமென்டின் மேல் செல்களை வளர்த்து எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பார்ப்பதுண்டு. இடம் ஒத்துக்கொண்ட செல் தட்டையாகப் படர்ந்து கைகளை நீட்டி ஒட்டிக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாத செல் உருண்டு சுருங்கிவிடும். வாயில்லாத செல் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்?

இரு சோதனைகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் முழுச் சுவை. வெளுப்பைத் தந்த அதே பிஸ்மத் சிமென்டுக்குள் சும்மா இருப்பதில்லை. மால்டாவைச் சேர்ந்த ஜோசெட் காமில்லெரி போன்றோரின் ஆய்வுகள் அது இறுகும் வினையில் தலையிடுவதையும், கசிவதையும், வேர்க்குழாய் கழுவும் ஹைப்போகுளோரைட் பட்டால் கறுப்பதையும் காட்டின. முன்பல்லில் அந்தக் கறை வெளியே தெரியும். எனவே பின்வந்த பயோடென்டின் போன்றவை பிஸ்மத்தை விட்டு ஸிர்கோனியம் ஆக்சைடுக்கு மாறின. ஸிர்கோனியத்தின் எண் 40தான். குணம் சாதுவானது, வெளுப்பு குறைவு. சில ஆய்வுகளில் மதிப்பெண் மூன்று மி.மீ.க்குக் கீழேயும் இறங்கியது. ஒரு தேர்வில் ஏறினால் மறு தேர்வில் இடிக்கிறது. இரண்டிலும் தேறும் கலவையைத் தேடுவதே இந்தத் துறையின் கலை. அளவு மீறிய வெளுப்பும் நல்லதன்று; அடைப்பின் பின்னால் இருக்கும் இடைவெளியை அது மறைத்துவிடும்.

இத்தனை நுட்பமும் ஒரு பயனுக்காகவே. சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் சிமென்ட் வைத்த இடத்தில் இருக்கிறதா, அதைச் சுற்றியிருந்த கறுப்பு மறைந்து எலும்பு நிறைந்துவருகிறதா என்று மருத்துவர் பார்க்கிறார். அந்தப் படத்தில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் பொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. உங்கள் பல்லில் இப்படி ஒரு சிமென்ட் இருந்தால், வலி போய்விட்டதே என்று அந்த மறுபரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். போங்கள், படத்தில் அந்த வெள்ளையைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.