‘மீன்கள்’: ஒரு மறுவாசிப்பு

தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ சிறுகதையைப் பற்றிப் பேசும்போது ‘லயத்து வாழ்வின் அவலம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நமது விமர்சனத்தின் வழக்கம். பதுளை மண் தந்த அந்தப் படைப்பாளி 2022இல் மறைந்த பின்னரும் வழக்கம் மாறவில்லை. ஒரே காம்பராவில் வளர்ந்த பிள்ளைகளோடு படுத்துறங்கும் குடும்பம், இருட்டில் தகப்பனுக்கு நேரும் தடுமாற்றம், அதன் பின்னான வெட்கம். இதை இடநெருக்கடியின் சித்திரிப்பாக மட்டும் வாசித்தால், காம்பரா இரண்டானதும் கதை தீர்ந்துவிடும். தீராது என்பதே என் வாசிப்பு. சுவரை ஓரடி தள்ளிக் கட்டுவதற்கும் லயத்துக்காரன் நிர்வாகத்தின் தயவை நாடி நிற்க வேண்டும். வேலையோடு கட்டப்பட்ட கூரை அது.

கொஸ்லந்தை மீரியபெத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். மண்சரிவு அபாயம் பற்றி 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தது. எச்சரிக்கை வந்தது; போய்க் குடியிருக்க நிலம் வரவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை லயங்களின் மேல் இறங்கியது. தப்பியவர்களில் பல குடும்பங்கள் மாகல்தெனியவில் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஏறத்தாழ இரண்டு வருடம் காத்துக் கிடந்தன. பூணாகலையில் 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் கிடைத்தது 2016இல்தான். ஜோசப் எழுதிய அந்த இருட்டு, பல பத்தாண்டுகள் கழித்தும், லயத்தைவிடப் பெரிய கூரையின் கீழ் தொடர்ந்தது.

இது மலையகத்தாரின் சங்கதி என்று எண்ணும் நம்மவருக்கு ஒரு வார்த்தை. தேயிலைத் தோட்டத்தைக் குறிக்கும் சிங்கள ‘வத்த’ கொழும்பின் சேரிகளுக்கும் பெயர். நமது வாழைத்தோட்டமும் தோட்டந்தான். 2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. உறுதிப்பத்திரம் வைத்திருந்தவர்களுக்கும் அது உதவவில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபை அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது! பின்னர் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வனாத்தமுல்லை, தெமட்டகொடைத் தொடர்மாடிகளுக்கு ஏற்றப்பட்டன. சிறுகச் சிறுகச் சேர்த்து மேல்மாடி கட்டியிருந்தவர்களும் நானூறு சொச்சம் சதுர அடிக்குள் போனார்கள். அதற்கும் 10 இலட்சம் ரூபாவரை தவணைப் பணம், 20 வருடம்.

இதைப் பற்றி நம்மவர் எழுதியவற்றில் கோபத்துக்குக் குறைவில்லை. குறைவது வீடு. ‘அநீதி’, ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொற்கள் கவிதைக்குக் கவிதை வருகின்றன, குசினி வருவதில்லை. ஜோசப் நிர்வாகத்தைத் திட்டுவதற்கு முன்னால் அந்தக் காம்பராவில் யார் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கிறார்கள் என்று பார்த்துவிடுகிறார். நமது இளம் எழுத்தாளர்களிடம் நான் எதிர்பார்ப்பது அதைத்தான். பக்கத்து வீட்டுக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பிய பெண், யாரென்றே தெரியாத எதிர்க்கதவுக்கு முன் சட்டியோடு நிற்கிறாள். பன்னிரண்டாம் மாடியில் ஒரு மௌத்து விழுகிறது. சந்தூக்கு லிஃப்டுக்குள் போகவில்லை. படிக்கட்டின் திருப்பத்தில் தூக்கியவர்கள் நின்று தோள் மாற்றுகிறார்கள். இதை யார் எழுதப் போகிறார்?