முடியாதா, மாட்டேனா?

2025 அக்டோபர் 14-ம் தேதி ராத்திரி உங்கள் வீட்டு மேஜைக் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையும் நன்றாகத்தான் இருந்தது. ஃபேன் சுற்றியது, மானிட்டர் விழித்தது, பையன் கேம்ஸ் ஆடினான். ஆனாலும் அந்த ஒரு ராத்திரியில் அது 'பழசு' ஆகிவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்ட தேதி அது. 'சரி, 11-க்கு மாறிவிடுவோம்' என்று முயன்றவர்களில் ஏகப்பட்ட பேருக்கு, 'இந்தப் பிசி குறைந்தபட்சத் தேவைகளைப் பூர்த்தி செய்யவில்லை' என்று பவ்யமாக ஒரு பதில் வந்தது.

அந்தப் பதிலைத்தான் இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். நாவலுக்கும் சினிமாவுக்கும் மட்டும்தான் விமர்சனம் எழுத வேண்டுமா என்ன? உலகம் பூரா படிக்கப்பட்ட வாசகம் இது. உண்மையா, பொய்யா என்று பார்க்க வேண்டாமா?

கம்ப்யூட்டர் விஷயத்தில் 'ஒத்துவராது' என்பது இரண்டு ரகம். ஒன்று, 'முடியாது'. இன்னொன்று, 'மாட்டேன்'. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

'முடியாது'க்கு உதாரணம் சொல்கிறேன். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு, 'பாப்கவுன்ட்' என்று ஒரு ப்ராஸஸர் கட்டளையை எதிர்பார்க்கிறது. ஓர் எண்ணை இரும முறையில் எழுதினால் அதில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் சின்ன வேலை. பழைய கோர் 2 டுயோ சிப்களில் அந்தக் கட்டளை சிலிக்கனிலேயே கிடையாது. தலைகீழாக நின்றாலும் பூட் ஆகாது. இதில் யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது. மாட்டுவண்டியில் ஐந்தாவது கியர் தேடுவது போல.

இப்போது 'மாட்டேன்'. விண்டோஸ் 11-ஐ 2021 ஜூனில் அறிவித்தபோது கேட்டவை ரொம்ப எளிமை. 1 கிகாஹெர்ட்ஸில் இரண்டு கோர், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். அந்தக் கால ஐ3 பெட்டிகூட 'நான் தயார்' என்று கை தூக்கும். சிக்கல் மற்ற இரண்டு நிபந்தனைகளில். டிபிஎம் 2.0 வேண்டும். தவிர, ப்ராஸஸர் அவர்கள் வெளியிடும் பட்டியலில் இருக்க வேண்டும்.

டிபிஎம் என்பது கம்ப்யூட்டருக்குள் ஒரு குட்டி லாக்கர். ரகசியச் சாவிகளை ஹார்டு டிஸ்க்கில் போட்டுவைக்காமல் தனியாகப் பூட்டிவைக்கும். நல்ல விஷயம்தான். பத்து வருஷத்துக்குள் வாங்கிய பல மதர்போர்டுகளில் இது ஏற்கெனவே இருக்கிறது, அணைத்துவைத்திருப்பார்கள். கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் போனால், இன்டெல் போர்டில் 'பிடிடி' என்ற பெயரிலும் ஏஎம்டி-யில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரிலும் ஒளிந்துகொண்டிருக்கும். ஆன் செய்தால் ஒரு நிபந்தனை தீர்ந்தது. 'போர்டு அவுட் சார், புதுசு போட்டுடலாம்' என்று யாராவது சொல்வதற்கு முன்னால் இந்த ஸ்விட்ச்சைப் பார்த்துவிடுங்கள்.

பட்டியல்தான் மசியாது. இன்டெல்லில் எட்டாவது தலைமுறைக்கு முந்தியவை அநேகமாக எல்லாமே அவுட். ஏழாவது தலைமுறை ஐ7-7700 என்று ஒரு சிப். 2017 ஜனவரியில் வந்தது. நான்கு கோர், 3.6 கிகாஹெர்ட்ஸ். பட்டியலில் இல்லை. அதே வருஷக் கடைசியில் வந்த செலரான் என்4000 சிப்புக்கு இரண்டே கோர், 1.1 கிகாஹெர்ட்ஸ். அது பட்டியலில் இருக்கிறது. பயில்வானை வாசலில் நிறுத்திவிட்டு நோஞ்சானை உள்ளே விடுகிறார்கள், பிறந்த தேதியைப் பார்த்து.

சரி, விதி என்றால் விதி. எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் ஒப்புக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் பட்டியலில் சில விதிவிலக்குகள் சேர்ந்தன. அதில் ஒன்று ஐ7-7820எச்க்யூ. அதுவும் ஏழாவது தலைமுறைதான். அந்த சிப் எதில் இருந்தது தெரியுமா? மைக்ரோசாஃப்டே 2018-ல் வெளியிட்ட சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-வில். அதன் டிரைவர்கள் புது முறையில் எழுதப்பட்டவை என்று காரணம் சொன்னார்கள். இருக்கலாம். நம் வீட்டுப் பெட்டிக்கு அந்த மாதிரி பரிந்து பேச ஆளில்லை.

இதைவிட வேடிக்கை, விலக்கிவைத்த பெட்டிகளில் விண்டோஸ் 11 ஓடுகிறது என்பதுதான். ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்தால் ப்ராஸஸர் சோதனையைத் தாண்டிப் போகலாம் என்று மைக்ரோசாஃப்டே ஒரு காலத்தில் தன் உதவிப் பக்கத்தில் போட்டிருந்தது. பிறகு எடுத்துவிட்டது. ரூஃபஸ் என்கிற இலவச மென்பொருளில் பென் டிரைவ் தயாரித்தால், 'டிபிஎம் சோதனையை நீக்கவா?' என்று அதுவே கேட்கும். ஆக, அந்த 'ஒத்துவராது', ஒரு டிக் போட்டால் ஒத்துவந்துவிடுகிற 'ஒத்துவராது'.

மைக்ரோசாஃப்டின் கட்சியையும் சொல்ல வேண்டும். 2017-ல் வான்னாக்ரை என்ற வைரஸ் பிரிட்டன் ஆஸ்பத்திரிகளையே ஸ்தம்பிக்க வைத்தது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று ப்ராஸஸர்களுக்குள்ளேயே ஓட்டைகள் வெளிவந்தன. பாதுகாப்பை ஹார்டுவேரில் இருந்தே தொடங்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. பட்டியலுக்கு வெளியே உள்ள பெட்டிகளில் கெர்னல் கிராஷ்கள் 52 சதவிகிதம் அதிகம் என்றும், உள்ளே உள்ளவை 99.8 சதவிகிதம் கிராஷ் இல்லாமல் ஓடின என்றும் 2021-ல் சொன்னார்கள். 52 என்றால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனையிலிருந்து எத்தனைக்கு? ஆயிரத்தில் இரண்டு, மூன்றாக ஆனாலே 50 சதவிகித உயர்வுதான். இதைக் கேட்க கணக்கு வாத்தியார் தேவையில்லை. அதற்காக என் பெட்டியில் ஓடவே விடமாட்டேன் என்பது, பழைய ஸ்கூட்டர் அடிக்கடி நிற்கிறது என்று ரோட்டுக்கே வரக் கூடாது என்பது மாதிரி.

மைக்ரோசாஃப்ட் எப்போதுமே இப்படி இருந்ததில்லை என்பதுதான் வருத்தம். விண்டோஸ் 95 சமயத்துக் கதை ஒன்றை ஜோயல் ஸ்போல்ஸ்கி எழுதியிருக்கிறார். சிம்சிட்டி என்ற விளையாட்டில் ஒரு பிழை. 'வேண்டாம்' என்று திருப்பிக் கொடுத்துவிட்ட மெமரியையே மறுபடி படித்தது. பழைய விண்டோஸில் தப்பித்தது, புதியதில் விழுந்தது. தப்பு விளையாட்டைச் செய்தவர்களுடையது. ஆனாலும் விண்டோஸ் குழு என்ன செய்தது? சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் மட்டும் மெமரியை உடனே பறிக்காமல் விட்டுவைக்கும்படி விண்டோஸையே வளைத்தது. ஊரார் பிள்ளையின் தப்புக்கு நம் வீட்டுக் கதவைத் திருத்துவது. அந்தப் பெருந்தன்மைதான் விண்டோஸை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோனது.

அப்போது ஹார்டுவேர் சுலபமாக இருந்தது என்று சொல்லவில்லை. சென்னை ரிச்சி தெருவில் பெட்டி அசெம்பிள் செய்தவர்களைக் கேளுங்கள். சவுண்டு கார்டுக்கு ஐஆர்க்யூ 5, விலாசம் 220, டிஎம்ஏ 1 என்று காயத்ரி மந்திரம் போல ஒப்பிப்பார்கள். ஜம்பரை ஒரு பின் தள்ளிப் போட்டால் பாட்டு வரும், மோடம் போகும். 'செருகினால் போதும்' என்ற பிளக் அண்ட் ப்ளே வந்த பிறகும் 1998 ஏப்ரலில், பில் கேட்ஸ் நின்ற மேடையிலேயே, ஒரு ஸ்கேனரைச் செருகியதும் திரை நீலமாகிப்போனது. ஆனால் அதெல்லாம் 'முடியாது' ரகம். ஒரு சாயங்காலம் மெனக்கெட்டால் 'முடியும்' ஆனது.

எதையும் காலம் முழுக்க ஆதரிக்க முடியாது என்பீர்கள். வாஸ்தவம். லினக்ஸும் பழசைக் கழிக்கிறது. 1985-ல் வந்த இன்டெல் 386 சிப்பை, 2012 டிசம்பரில் லினக்ஸ் கெர்னலிலிருந்து நீக்கினார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை எழுத ஆரம்பித்ததே ஒரு 386-ல்தான்! சிப் வந்து 27 வருஷம் ஆன பிறகுதான் விடைகொடுத்தார்கள். ஐ7-7700-க்கு அது வந்து ஐந்து வருஷம்கூட ஆகும் முன்பே தீர்ப்பு எழுதியாயிற்று.

'அப்போ லினக்ஸ் போட்டுக்க வேண்டியதுதானே?' போடலாம். ப்ரௌஸர், மெயில், கடிதம், சினிமா இதுதான் உங்கள் வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஆனால் தெருமுனை டிடிபி கடைக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்களோடு அதில் இன்னமும் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள் உண்டு. பில் போடும் மளிகைக்கடைக்காரருக்குப் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், அதற்குப் பழைய பேரலல் போர்ட். புதுப் போர்டுகளில் அந்த போர்ட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவருக்குக் கம்ப்யூட்டர் மாற்றுவது என்பது கம்ப்யூட்டரோடு நிற்காது. பிரின்டர், ஸாஃப்ட்வேர், பழக்கம் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். 24 கோடி பிசி-க்கள் இப்படிக் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் கணித்தது. மைக்ரோசாஃப்டும் மனமிரங்கி, 2026 அக்டோபர் 13 வரை என்று ஒரு வருஷ நீட்டிப்பை அறிவித்தது. காசாகக் கொடுப்பவர்களுக்கு 30 டாலர்.

நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் பயாஸைப் பாருங்கள். கைவைக்கும் முன் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். இல்லையென்றால் உங்கள் வீட்டுக்குள்ளேயே உங்களை விடாது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே பாதிப் பெட்டிகளுக்கு இளமை திரும்பும். லினக்ஸை பென் டிரைவிலிருந்தே ஓட்டி, பிரின்டரும் வைஃபையும் பேசுகின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். குறுக்குவழியில் விண்டோஸ் 11 போட்டால், அப்டேட்களுக்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது. பாங்க் கணக்கு அதில்தான் என்றால் யோசியுங்கள்.

இந்த நோண்டலெல்லாம் வேலையில்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். 1980 வாக்கில் எம்ஐடி-யில் ஒரு ஸெராக்ஸ் லேஸர் பிரின்டரில் அடிக்கடி பேப்பர் சிக்கியது. அதன் ஸாஃப்ட்வேரைத் திருத்திக்கொள்கிறேன், மூலத்தைக் கொடுங்கள் என்று கேட்டார் ரிச்சர்டு ஸ்டால்மன். கொடுக்கவில்லை. அந்தக் கடுப்பும் சேர்ந்துதான் 1983-ல் அவர் க்னு திட்டத்தை அறிவித்தார். இன்றைக்கு லினக்ஸ் ஓடும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் அந்தத் திட்டத்தின் நிரல்களும் இருக்கின்றன. அவருக்கும் 'முடியாது' என்று பதில் வரவில்லை. 'மாட்டேன்' என்றுதான் வந்தது.

அடுத்த முறை திரையோ, கடைக்காரரோ 'இது ஒத்துவராது' என்றால் உடனே பர்ஸை எடுக்காதீர்கள். எந்தப் பாகம் ஒத்துவரவில்லை, ஏன் என்று கேளுங்கள். சிலிக்கன் சொல்வதாக இருந்தால் தலைவணங்குங்கள். ஆள் சொல்வதாக இருந்தால், ஸ்க்ரூடிரைவரைத் தேடுங்கள்.