சார்னோக்கைட்: ஒரே பெயர், மூன்று வேலை

பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை வட்டாரத்துக் கருங்கல்லை நமக்கு ஜல்லியாகத்தான் தெரியும். பாறையியல்காரர்களுக்கு அது சார்னோக்கைட். சுமார் 250 கோடி வருஷம் பழசு. பரங்கிமலையில் இருக்கிற இந்தப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாகவே அறிவித்திருக்கிறது.

பெயர்க் கதையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் கல்கத்தாவில் இறந்துபோனார். அவர் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கல் போனது. 200 வருஷம் கழித்து தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, 1893-ல் இது புது வகைப் பாறை, சார்னாக் பெயரையே வைக்கிறேன் என்று எழுதினார். கல்கத்தாவை நிறுவியவருக்கு மரியாதை செய்வதுதான் நோக்கம். 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த நகரத்துக்கு நிறுவனர் என்று ஒருவரைச் சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆக, மரியாதைக்கான காரணம் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

"பல்லாவரம் கல்லுக்கு வெள்ளைக்காரன் பெயரா?" என்ற கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது சின்னக் கோபம். பெயர் 'பல்லாவரைட்' என்று இருந்திருந்தாலும் நான் சொல்லப்போகிற சிக்கல் அப்படியேதான் இருந்திருக்கும்.

ஹாலண்ட் 1900-ல் வெளியிட்ட விரிவான அறிக்கைக்கு வருவோம். கனிம விவரணையில் குறை சொல்ல அதிகம் இல்லை. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், இரும்புத் தாது, இவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்ஸீன் கனிமம். சாதாரண கிரானைட்டில் பயோட்டைட் மைக்காவோ ஹார்ன்பிளெண்டோ இருக்கும். இங்கே முக்கியமான கருங்கனிமம் ஹைப்பர்ஸ்தீன். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாருமே எண்ணெய் தடவின மாதிரி பச்சையும் நீலமும் கலந்து இருண்டு கிடக்கும். கையில் எடுத்தால் கிரானைட் என்று சட்டென்று தோன்றாது. இதைப் பிரித்து அடையாளம் காட்டியது நிஜமான சாதனை.

அடுத்த அடியில்தான் வழுக்கல். அறிக்கையின் பெயர் 'சார்னோக்கைட் தொடர்'. சிலிக்கா அதிகமுள்ள சார்னோக்கைட்டிலிருந்து இடைநிலைப் பாறைகள், கறுத்த நோரைட்டுகள், கடைசியில் பைராக்ஸினைட் வரை எல்லாமே ஒரே பாறைக்குழம்பிலிருந்து பிரிந்து வந்த குடும்பம், ஊடுருவிய தீப்பாறைகள் என்பது அவர் வாதம். ஆக ஒரே பெயர் மூன்று வேலை செய்கிறது: ஒரு கனிமச் சேர்க்கை, ஒரு ஊர்ப்புறத்துப் பாறைக் கூட்டம், ஒரு பிறப்புக் கதை. நிரல் எழுதுகிற யாரும் இதைப் பார்த்ததும் தலையில் கை வைப்பார்கள். ஒரே மாறியில் வகையையும் மதிப்பையும், அது எங்கிருந்து வந்தது என்கிற தகவலையும் திணித்த மாதிரி. மூன்றில் ஒன்று மாறினாலும் மற்ற இரண்டும் உடையும்.

உடையவும் செய்தது. 1955-ல் ஹோவி இதே சென்னைப் பாறைகளின் வேதியியலை அலசி, இவை தீப்பாறையாகப் பிறந்து பிறகு ஆழத்தில் மெல்ல மறுபடிகமாகியவை என்றார். 1959-ல் ஏ.பி. சுப்ரமணியம் பல்லாவரம் பகுதியையே மறுபடி ஆராய்ந்தார். அந்தக் கறுத்த காரப் பாறைகள் இந்தக் குடும்பத்திலேயே சேராது, தனி என்றார். குடும்ப அட்டையிலிருந்து பாதிப் பேரை நீக்கின மாதிரி ஆயிற்று.

இதைவிடப் பெரிய அடி கர்நாடகத்தில் கப்பல்துர்காவிலிருந்து வந்தது. அங்கே கல் குவாரியில் சாம்பல் நிற நைஸ் பாறைக்குள்ளேயே கரும்பச்சைத் திட்டுகள் இருக்கின்றன. நைஸின் வரிகள் அந்தத் திட்டுக்குள் நுழைந்ததும் மங்கி அழிந்துவிடும். திட்டு என்னவென்று பார்த்தால் சார்னோக்கைட்! பிச்சமுத்து 1960-ல் இதை எழுதியபோது பிடித்த விஷயம் இதுதான்: இங்கே எந்தக் குழம்பும் வந்து புகவில்லை, இருந்த பாறையே இருந்த இடத்தில் சார்னோக்கைட்டாக மாறியிருக்கிறது. எப்படி? 700 டிகிரிக்கு மேல் சூடு, தண்ணீர்ப் பசை குறைவு. அந்த நிலையில் பயோட்டைட்டும் குவார்ட்ஸும் வினைபுரிந்து ஹைப்பர்ஸ்தீனும் ஃபெல்ட்ஸ்பாரும் ஆகின்றன, நீர் வெளியேறுகிறது. ஆழத்திலிருந்து ஏறிய கார்பன் டை ஆக்சைடு தண்ணீரை ஒதுக்கியது என்பது ஒரு பிரபலமான விளக்கம்.

அதாவது அந்தக் கனிமம் சொல்வது "நான் சூடான, வறண்ட இடத்தில் உருவானேன்" என்பதை மட்டுமே. குழம்பு அப்படிப்பட்ட இடத்தில் உறைந்தாலும் அது வரும், திடப்பாறை அங்கே வெந்தாலும் வரும். அதை வைத்துப் பாறையின் பிறப்பைச் சொல்ல முடியாது.

சரி, சர்வதேசக் குழு வந்து ஒழுங்குபடுத்தியிருக்குமே என்று நினைப்பீர்கள். ஸ்ட்ரெக்கைசன் தலைமையில் 1970-களில் ஒரு அட்டவணை வந்தது. ஹைப்பர்ஸ்தீன் கிரானைட் என்றால் சார்னோக்கைட். ஹைப்பர்ஸ்தீன் டோனலைட் என்றால் எண்டர்பைட், இது அண்டார்டிகாவின் எண்டர்பி நிலத்திலிருந்து. மான்சோனைட் என்றால் மாங்கரைட், கிரானோடயோரைட் என்றால் ஓப்டலைட், இரண்டும் நார்வே ஊர்ப் பெயர்கள். வேடிக்கை என்னவென்றால், அட்டவணையின் ஒரு பக்கத்திலேயே எல்லோருக்கும் புரிகிற பெயர் இருக்கிறது! பக்கத்தில் எதற்கு இன்னொரு ஊர்ப் பட்டியல்? மனப்பாடம் செய்கிற மாணவர்களைக் கேளுங்கள்.

இதில் ஒரு கிளைக்கதை. 1988-ல் சர்வதேசக் கனிமவியல் சங்கத்தின் பைராக்ஸீன் பட்டியலில் 'ஹைப்பர்ஸ்தீன்' என்ற பெயரே நீக்கப்பட்டது. என்ஸ்டடைட், ஃபெர்ரோசிலைட் என்ற இரண்டு முனைகளுக்கு நடுவில் அதற்குத் தனி இடம் தேவையில்லை என்றார்கள். வரையறை எந்தக் கனிமத்தின் மேல் நின்றதோ, அதன் பெயர் காலி. இப்போது 'ஆர்த்தோபைராக்ஸீன்' என்று எழுதுகிறார்கள். பாறைக்கு ஒன்றும் ஆகவில்லை, வழக்கம்போல.

2008-ல் ரொனால்ட் ஃப்ராஸ்ட், கரோல் ஃப்ராஸ்ட் இருவரும் ஒரு கட்டுரையில் வேறு வழி சொன்னார்கள்: தீப்பாறையாகப் பிறந்தது தெளிவாக இருந்தால், அல்லது உருமாற்றப் பகுதிக்குள் கிடக்கும் பழைய தீப்பாறை நைஸாக இருந்தால் சார்னோக்கைட் என்று சொல்லலாம். கட்டுரை தெளிவானது, மதிக்கிறேன். ஆனால் இந்த வழியில் எனக்கு உடன்பாடில்லை. ஹாலண்ட் செய்ததையே இன்னும் கவனமாகச் செய்கிறார்கள், அவ்வளவுதான். சுத்தியலோடு மலையேறுகிறவர் முதலில் பிறப்பைத் தீர்மானித்துவிட்டு அப்புறம்தான் பெயர் வைக்க வேண்டும் என்றாகிறது. கப்பல்துர்காவின் திட்டுக்கு அப்போது என்ன பெயர்?

எனக்கு உருப்படியாகத் தெரிவது பக்கத்திலேயே இருக்கிற இன்னொரு பழக்கம். கப்பல்துர்காவுக்கு அருகில் வடக்குத் தெற்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் ஊடுருவல் பாறை ஒன்று உண்டு. பெயர் குளோஸ்பெட் கிரானைட். முன்பாதி இடம், பின்பாதி பாறை வகை. எப்படி வந்தது என்ற கதை பெயரில் இல்லை. அதனால் அதன் பிறப்பைப் பற்றி எவ்வளவு சண்டை போட்டாலும் பெயர் அசையாது. குளோஸ்பெட்டும் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயர்தான், ஊர் ராமநகரமாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, வரைபடத்தில் கல் மட்டும் பழைய விலாசத்தில் இருக்கிறது. 1983-ல் வட அமெரிக்கப் படிவியல் விதித்தொகுப்பு இப்படிப்பட்ட ஊடுருவல், உருமாற்றப் பாறைகளுக்கென்றே தனி வகுப்பு வைத்தது. காரணம் எளிது: அடுக்கடுக்காகப் படிந்த பாறையில் கீழே இருப்பது மூத்தது. ஊடுருவிய கிரானைட்டுக்கு அந்த விதி செல்லாது, கீழேயிருந்து வந்து மேலே உள்ள மூத்ததைக் கிழித்துக்கொண்டு போகும்.

அந்த முறையில் நம்முடையது 'பல்லாவரம் ஆர்த்தோபைராக்ஸீன் கிரானைட்'. நீலகிரியில் கிடைப்பதில் பெரும்பகுதி டோனலைட் பக்கம் சாய்ந்தது, அதற்கு அதன் இடப்பெயரும் வகையும். இரண்டையும் 'சார்னோக்கைட்' என்ற ஒரே நிறத்தில் பூசிய வரைபடங்களைப் பார்க்கும்போது இரண்டு மலைக்கும் ஒரே வரலாறு என்று வாசகர் நம்பிவிடுகிறார். பிறப்பைப் பற்றிய முடிவை வரைபடத்தின் விளக்கக் குறிப்பில் தனிப் பத்தியாக, தேதி போட்டு எழுதட்டும். மாறினால் பத்தியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.